124 நகர்வுகள், பேச்சு எதுவும் இல்லை: பாகியோ 1978 இன் ஐந்தாவது ஆட்டம்

சதுரங்கப் போட்டி ஒன்றின் பெறுபேற்று அட்டவணையில் வெற்றிக்கு 1, தோல்விக்கு 0, சமநிலைக்கு அரை என்று எழுதுவார்கள். அந்த அரைப் புள்ளியை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பேர் பதினைந்து நகர்வுகளில் கைகுலுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தாலும் அரைதான். பல அமர்வுகளாக மோதி, கடைசியில் பலகையில் ஐந்தே ஐந்து காய்கள் மிஞ்சியிருந்தாலும் அரைதான்.

இதில் இரண்டாவது வகைக்கு, 1978 இல் பிலிப்பைன்ஸின் மலைநகரான பாகியோவில் நடந்த உலக சம்பியன் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம். வெள்ளைக் காய்களோடு விக்டர் கோர்ச்னோய். கறுப்புக் காய்களோடு உலக சம்பியன் அனடோலி கார்ப்போவ். 124 நகர்வுகள். அடுத்த 43 ஆண்டுகளுக்கு உலக சம்பியன் போட்டியொன்றில் ஆடப்பட்ட மிக நீண்ட ஆட்டமாக அதுவே இருந்தது. முடிவு சமநிலை. அந்தச் சமநிலை எந்த வழியாக வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

சமநிலை வரும் வழிகள்

விளையாட்டு தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைக் கடந்து போகலாம்.

சதுரங்கத்தில் ஆட்டம் சமநிலையாக ஐந்து பிரதான வழிகள் உள்ளன. முதலாவது, இருவரும் உடன்படுவது. ஒருவர் தனது நகர்வைச் செய்துவிட்டுச் 'சமநிலை' என்று கேட்பார், மற்றவர் ஏற்றுக்கொண்டால் கை கொடுத்து எழுந்துவிடலாம். இரண்டாவது, ஒரே நிலை பலகையில் மூன்று தடவை தோன்றுவது. மூன்றாவது, ஒரு காலாளும் நகராமல், ஒரு காயும் வெட்டுப்படாமல் இருபக்கமும் ஐம்பது நகர்வுகள் கடந்து போவது. நான்காவது, இருவரிடமும் எஞ்சியுள்ள காய்களைக் கொண்டு எவராலும் செக்மேட் செய்யவே முடியாத நிலை.

ஐந்தாவது ஸ்டேல்மேட். நகர்த்த வேண்டியவரின் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் அவர் நகர்த்தக்கூடிய கட்டம் ஒன்றுகூட இல்லை. ராஜா எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து, மற்றக் காய்களும் அசைய முடியாது. இன்றைய விதிப்படி இது சமநிலை. எல்லாக் காலத்திலும் அப்படி இருக்கவில்லை. அரபு, பாரசீக நாடுகளில் ஆடப்பட்ட பழைய சத்ரஞ்ச் ஆட்டத்தில், எதிரியை இப்படி முடக்குபவர் வென்றவராகக் கருதப்பட்டார். இங்கிலாந்திலோ 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைகீழான விதி ஒன்று இருந்தது. எதிரியை முடக்கியவர் தோற்றவர். முடக்கப்பட்டவனுக்கு என்ன தீர்ப்புச் சொல்வது என்பதில் மனிதர்கள் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை.

முதல் வழிக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. எதிரே இருப்பவரோடு ஏதோ ஒரு விதத்தில் பேசியாக வேண்டும்.

இருவரும் யார்

கார்ப்போவ் 1951 இல் ஊரல் மலைப் பகுதியில் பிறந்தவர். இளம் வயதிலேயே சோவியத் ஒன்றியத்தின் நம்பிக்கை நட்சத்திரமாகிவிட்டார். அமெரிக்காவின் பொபி ஃபிஷர் பட்டத்தைக் காக்க முன்வராததால் 1975 ஏப்ரலில் ஓர் ஆட்டமும் ஆடாமலே உலக சம்பியன் ஆனார். பாகியோவுக்கு வந்தபோது அவருக்கு வயது 27. ஆட்டம் தூய்மையானது. எதிரியைச் சிறிது சிறிதாக நெருக்கி மூச்சை அடைக்கும் பாணி.

கோர்ச்னோய் 1931 மார்ச் 23 அன்று லெனின்கிராட்டில் பிறந்தார். சதுரங்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தந்தை. 1941 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் நகரைச் சுற்றி வளைத்தபோது அவருக்குப் பத்து வயது. முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. தந்தை லடோகா ஏரிப் பக்கம் போரில் உயிரிழந்தார். உறவினர்களைப் பசி கொண்டுபோனது. முற்றுகைக்குள் பசி என்றால் என்னவென்று இதை வாசிக்கும் பலருக்கு விளக்கத் தேவையில்லை. முற்றுகை முடியும் முன்பே, 1943 இல், அந்தச் சிறுவன் லெனின்கிராட் முன்னோடிகள் மாளிகையின் சதுரங்க வட்டத்தில் போய்ச் சேர்ந்தான்.

அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதிகம் பேசுவது தற்காப்பைப் பற்றித்தான். எதிரி நீட்டும் காயை வெட்டி எடுத்துக்கொள்வார். பிறகு பெரும் தாக்குதலைத் தாங்கி நிற்பார். மற்றவர்கள் எழுந்து போகும் நிலைகளில் இவர் இருந்து ஆடுவார். நான்கு தடவை சோவியத் சம்பியன். ஆனாலும் உலகப் பட்டத்துக்கான போட்டியை முதன்முதலாக எட்டியபோது வயது 47.

இருவரின் பலமும் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதை 1974 காட்டியது. சவால் விடுப்பவரைத் தெரிவு செய்யும் இறுதிப் போட்டியில் இருவரும் மொஸ்கோவில் 24 ஆட்டங்கள் ஆடினார்கள். 19 சமநிலை. கார்ப்போவ் மூன்று வெற்றி, கோர்ச்னோய் இரண்டு. மூன்றுக்குப் பூச்சியம் என்று பின்தங்கியிருந்து 19 ஆவது, 21 ஆவது ஆட்டங்களை வென்று கோர்ச்னோய் நெருங்கி வந்திருந்தார். அப்போது எவரும் நினைத்திராத விதமாக, ஃபிஷர் ஒதுங்கிக்கொண்டதால் அந்த 3-2 தான் உலகப் பட்டத்தையே தீர்மானித்தது.

தஞ்சம்

அந்தப் போட்டியின் பின்னர் கோர்ச்னோய் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அதிகாரிகள் இளையவருக்கே சாதகமாக நடந்தார்கள் என்று வெளியே பேசினார். விளைவாக, வெளிநாட்டுப் பயணம் தடைப்பட்டது, கொடுப்பனவு குறைக்கப்பட்டது. மறுபடி வெளியே ஆட அனுமதி கிடைத்தபோது, 1976 ஜூலையில் அம்ஸ்டர்டாமில் ஒரு சுற்றுப்போட்டி முடிந்த கையோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தஞ்சம் கோரினார். 'அரசியல் தஞ்சம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று, கூட ஆடிய ஆங்கிலேய வீரர் ஒருவரிடம் அவர் கேட்டறிந்ததாக ஒரு கதை சதுரங்க உலகில் இன்றும் சொல்லப்படுகிறது.

மனைவியும் மகனும் லெனின்கிராட்டிலேயே இருந்தார்கள்.

வெளியேறியவரைச் சோவியத் பத்திரிகைகள் கண்டித்தன. சக வீரர்கள் பலர் கண்டன அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர் அழைக்கப்படும் சுற்றுப்போட்டிகளுக்குச் சோவியத் வீரர்கள் போவதில்லை என்றானது. ஆனால் உலகப் பட்டத்துக்கான தெரிவுப் போட்டிகளில் மட்டும் அவரைத் தவிர்க்க முடியவில்லை. பெட்ரோசியன், பொலுகாயெவ்ஸ்கி, ஸ்பாஸ்கி என்று வரிசையாக மூன்று சோவியத் வீரர்களை வென்றுகொண்டு பாகியோ வந்து சேர்ந்தார். சொந்த நாட்டின் பத்திரிகைகள் அவருடைய பெயரை எழுதுவதையே பெரும்பாலும் தவிர்த்து, 'சவால் விடுப்பவர்' என்று குறிப்பிட்டு வந்தன.

பாகியோவில் நடந்த கூத்து

போட்டி 1978 ஜூலை 18 அன்று தொடங்கியது. முதலில் ஆறு ஆட்டங்களை வெல்பவருக்கே பட்டம். சமநிலைகள் கணக்கில் சேரா. எத்தனை ஆட்டம் என்ற எல்லையும் இல்லை.

பாகியோ என்றதும் பலருக்கு நினைவு வருவது பலகைக்கு வெளியே நடந்தவைதான். கோர்ச்னோய் சுவிஸ் கொடியோடு ஆடக் கேட்டார், மறுக்கப்பட்டது. நாடற்றவருக்குக் கொடி ஏது என்பது எதிர்த்தரப்பின் வாதம். கதிரைகள் ஊடுகதிர் கொண்டு சோதிக்கப்பட்டன. இரண்டாவது ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு அவருடைய குழு ஒரு கோப்பை யோகட் அனுப்ப, அது இரகசியச் சமிக்ஞையாக இருக்கலாம் என்று கோர்ச்னோய் தரப்பு எழுத்தில் முறையிட்டது. சோவியத் குழுவின் உளவியலாளரான சுகார் என்பவர் முன்வரிசையில் இருந்து கோர்ச்னோயைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ச்னோய் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்தார். இந்த யோகட் கதையை ஒரு பகிடியாகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. குடும்பம் மறுபக்கத்தின் கையில் இருக்க, அந்தப் பக்கத்தின் சம்பியனுக்கு எதிரே மூன்று மாதம் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அது பகிடியாக இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இருவரும் தங்களுக்குள் பேசுவதில்லை. ஆட்டம் தொடங்கும்போது கை கொடுக்கும் வழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. எட்டாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் கார்ப்போவ் அதையும் மறுத்தார்.

ஐந்தாவது ஆட்டம்

முதல் நான்கு ஆட்டங்களும் சமநிலை. ஐந்தாவதில் கோர்ச்னோய்க்கு வெள்ளை.

அந்தக் காலத்து நடைமுறையை முதலில் சொல்ல வேண்டும். முதல் 40 நகர்வுகளுக்கு ஒருவருக்கு இரண்டரை மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் முடியாத ஆட்டம் ஒத்திவைக்கப்படும். நகர்த்த வேண்டியவர் தன் அடுத்த நகர்வைக் கடதாசியில் எழுதி உறையில் இட்டு நடுவரிடம் கொடுப்பார். இரவு முழுவதும் இரு குழுக்களும் அந்த நிலையை அலசும். மீண்டும் தொடங்கும்போது உறை பிரிக்கப்படும். கணினிகள் இந்த வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகு ஒத்திவைப்பு என்பதே உயர்மட்டச் சதுரங்கத்திலிருந்து மறைந்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு பழங்கதை.

ஐந்தாவது ஆட்டத்தில் கோர்ச்னோய் மெல்ல மெல்ல மேலோங்கினார். இரண்டாவது நேரக் கட்டுப்பாடு 56 ஆவது நகர்வில் வரும். கடிகாரத்தில் நேரம் வற்றிக்கொண்டிருந்தது. கார்ப்போவின் ராஜா வெளியே அகப்பட்டிருந்தது. 55 ஆவது நகர்வில் கோர்ச்னோயின் பிஷப் செக் கொடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று f7 கட்டத்தில். அங்கே கொடுத்திருந்தால் கறுப்பு ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. மற்றையது e4 கட்டத்தில். கோர்ச்னோயின் கை e4 பக்கம் போனது.

ராஜா தப்பிவிட்டது.

உலக சம்பியன் போட்டியில், கைக்கெட்டிய தூரத்தில் இருந்த வெற்றி அது. எந்த வீரரையும் இது உலுக்கும். ஆனால் ஆட்டம் அங்கே முடியவில்லை, இன்னும் 69 நகர்வுகள் இருந்தன. காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. கடைசியில் வெள்ளையிடம் ராஜா, ஒரு பிஷப், ஒரு காலாள். கறுப்பிடம் ராஜா, ஒரு காலாள். காலாள்கள் இரண்டும் பலகையின் இடது ஓர வரிசையில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன.

எண்ணிப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு பிஷப் கூட. ஆனால் அதனால் பயன் இல்லை. பிஷப் ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் ஓடும் காய். கோர்ச்னோயிடம் எஞ்சியிருந்தது கறுப்புக் கட்டத்துப் பிஷப். எதிரியின் காலாள் நின்றதோ வெள்ளைக் கட்டத்தில், அதைத் தாக்க முடியாது. அந்தக் காலாளை வெட்ட வெள்ளை ராஜா போனால் வெட்டலாம். ஆனால் அந்த நேரத்துக்குள் கறுப்பு ராஜா a8 என்ற மூலைக் கட்டத்துக்கு ஓடிப்போய்க் குந்திக்கொள்ளும். வெள்ளைக் காலாள் ராணியாக வேண்டிய கட்டமும் அதுதான். a8 உம் வெள்ளைக் கட்டம், பிஷப்பால் அங்கிருந்து ராஜாவைக் கிளப்ப முடியாது. ஆகவே சமநிலை.

அது சமநிலை என்பது உலகின் முதலிரு வீரர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. மண்டபத்தில் இருந்த சாதாரண கழக வீரனுக்கும் தெரிந்திருக்கும். வழமையில் இந்த இடத்தில் ஒருவர் கேட்பார், மற்றவர் தலையாட்டுவார். இங்கே எவரும் கேட்கவில்லை. பேசாத இருவர் சமநிலையைப் பேசித் தீர்க்க முடியாது. நகர்வுகள் தொடர்ந்தன. ராஜாக்கள் வெறும் பலகையில் அலைந்தன.

124 ஆவது நகர்வில் கோர்ச்னோய் தன் பிஷப்பை g7 கட்டத்தில் வைத்தார். பலகையின் ஓரத்தில் நின்ற கார்ப்போவின் ராஜாவுக்குப் போக ஒரு கட்டமும் இல்லை. செக்கும் இல்லை. காலாளும் அசையாது. ஸ்டேல்மேட். விதியே ஆட்டத்தை முடித்து வைத்தது, எவரும் எவரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கார்ப்போவை இப்படி முடக்கியது தனக்கு மகிழ்ச்சி தந்தது என்றும், முடக்கப்படுவது சற்று அவமானமான விடயம் என்றும் கோர்ச்னோய் பிறகு சொன்னார்.

ஒன்றுமில்லாத அரைப் புள்ளி

சமநிலைகள் கணக்கில் சேராத போட்டி என்று மேலே சொன்னேன். அதாவது இந்த 124 நகர்வுகளுக்கும் இருவருக்கும் கிடைத்தது பூச்சியம். முதல் ஏழு ஆட்டங்களும் சமநிலையாகவே போயின. எட்டாவதை, கை கொடுக்க மறுத்த அன்றே, கார்ப்போவ் வென்றார்.

27 ஆட்டங்களின் முடிவில் கார்ப்போவ் 5, கோர்ச்னோய் 2. இன்னும் ஒன்றை வென்றால் போதும். அதன் பிறகுதான் கோர்ச்னோய் 28, 29, 31 ஆவது ஆட்டங்களை வென்று 5-5 ஆக்கினார். நான்கு ஆட்டங்களில் மூன்று வெற்றி, 47 வயதில், மூன்று மாதக் களைப்பின் பிறகு. 32 ஆவது ஆட்டம் அவருக்குத் தோற்கும் நிலையில் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள், ஒக்டோபர் 18 அன்று, அதைத் தொடராமலே தோல்வியை ஏற்றுக்கொண்டார். 6-5, 21 சமநிலை.

ஐந்தாவது ஆட்டத்தில் பிஷப்பை f7 இல் வைத்திருந்தால் உலக சம்பியன் அவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு ஆட்டத்தின் முடிவை மாற்றினால் அதற்குப் பின் வந்த 27 ஆட்டங்களும் அதே மாதிரி ஆடப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. முதலில் அடி வாங்கியிருந்தால் கார்ப்போவ் வேறு விதமாக ஆடியிருப்பார். நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று. 1974 ஐயும் 1978 ஐயும் சேர்த்தால் இருவருக்கும் இடையே 56 ஆட்டங்கள். கார்ப்போவ் 9, கோர்ச்னோய் 7, சமநிலை 40. இருபது வயது இடைவெளியோடு இவ்வளவு நெருக்கம்.

பிறகு

ஆறு வெற்றி வரும்வரை ஆடுவது என்ற விதி இன்னொரு தடவை பெரும் சிக்கலை உண்டாக்கியது. 1984 செப்டெம்பரில் மொஸ்கோவில் கார்ப்போவுக்கும் கஸ்பரோவுக்கும் இடையே தொடங்கிய போட்டி ஐந்து மாதங்கள் இழுபட்டது. 48 ஆட்டங்கள், அதில் 40 சமநிலை. 5-3 என்று கார்ப்போவ் முன்னணியில் இருந்தபோது, 1985 பெப்ரவரி 15 அன்று சர்வதேச சம்மேளனத்தின் தலைவர் போட்டியை முடிவின்றி நிறுத்தினார். அந்தத் தலைவர் காம்போமானெஸ், பாகியோ போட்டியை ஏற்பாடு செய்தவரும் அவரே. அதன் பின் ஆட்டங்களுக்கு எல்லை வைக்கப்பட்டது, சமநிலைக்கு அரைப் புள்ளி திரும்ப வந்தது. இப்போது இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2024 இல் சிங்கப்பூரில் டிங் லிரெனும் சென்னையின் குகேஷும் மோதிய போட்டியில், 40 நகர்வுகளுக்கு முன் பேசிச் சமநிலை செய்துகொள்ள அனுமதி இருக்கவில்லை.

நீளத்தில் பாகியோவின் சாதனையை 2021 டிசம்பரில் டுபாயில் கார்ல்சன், நெப்போம்னியாச்சி ஆகியோரின் ஆறாவது ஆட்டம் முறியடித்தது. 136 நகர்வுகள். அது கார்ல்சனுக்கு வெற்றியாக முடிந்தது.

கோர்ச்னோய் 1981 இல் இத்தாலியின் மெரானோவில் மறுபடியும் கார்ப்போவைச் சந்தித்து 6-2 என்று தோற்றார். அப்போது மகன் சோவியத் தொழிலாளர் முகாமில் இருந்தார். நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்த மகனை இராணுவச் சேவைக்கு அழைத்து, அவர் மறுத்ததும் சிறையிட்டிருந்தார்கள். குடும்பம் வெளியே வந்தது 1982 இல். பிரிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன, அந்த மணவாழ்வு தொடரவில்லை. உலகப் பட்டம் ஒருபோதும் கிடைக்கவில்லை. ஆனாலும் எழுபது வயதைக் கடந்தும் இளம் கிராண்ட்மாஸ்டர்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். 2016 ஜூன் 6 அன்று, 85 ஆவது வயதில், சுவிற்சர்லாந்தில் காலமானார்.

வீட்டில் பலகை இருந்தால் அந்த நிலையை வைத்துப் பார்க்கலாம். வெள்ளை ராஜாவை f7 இலும் பிஷப்பை g7 இலும் காலாளை a3 இலும் வையுங்கள். கறுப்பு ராஜா h7, காலாள் a4. நகர்த்த வேண்டியது கறுப்பு. பிறகு பிஷப்பை மட்டும் வேறொரு கறுப்புக் கட்டத்துக்கு எடுத்துவிட்டு, வெள்ளைக்கு வெற்றி தேடிப் பாருங்கள். பிள்ளைகளை எதிரே உட்கார வைத்தால், கறுப்பு ராஜா a8 மூலையைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஆடுங்கள்.